கண்ணாடி வீடும் உண்ணிச் செடியும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுடையது. ஊர்ப்புறத்தில் புளிய மரங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. அவற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் காடு தொடங்குகிறது. சாலை வளைந்து வளைந்து காவிரியை நோக்கி இறங்குகிறது. அச்சாலையின் ஓரங்களிலும் காட்டின் உட்புறத்திலும் ஒரு புதர்ச்செடி மண்டிக் கிடப்பதைக் காணலாம். சொரசொரப்பான இலை, கசக்கினால் காரமான நெடி, நான்கு பட்டையான தண்டில் சிறு முட்கள், மஞ்சளும் சிவப்பும் கலந்த சிறு பூங்கொத்துகள், கறுத்துப் பழுக்கும் சின்னஞ்சிறு கனிகள். அதுதான் உண்ணிச் செடி.

இச்செடி படர்ந்திருக்கும் பரப்பைக் காண்போர், மலையும் ஆறும் தோன்றிய நாள்தொட்டு இதுவும் இங்கே இருந்து வருகிறது என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அங்கிருந்து இது முதலில் நம் காட்டுக்கு வரவில்லை. பனி பொழியும் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று, அங்கே கண்ணாடி வீடுகளில் பூந்தொட்டிச் செடியாகச் சீராட்டப்பெற்றது. அதன் பின்னரே உலகெங்கும் பரவியது. மாணவ நண்பர்களே! வெப்பநாட்டுச் செடியைக் குளிர்நாட்டில் வளர்க்கும் கலை எவ்வாறு தோன்றியது, அக்கலை நமக்கு அளித்த நன்மை யாது, தீமை யாது என்பவற்றை இப்பேச்சில் காண்போம்.

வாழை, மிளகு, முருங்கை, கறிவேப்பிலை முதலிய நம் செடிகளுக்கு உறைபனி நஞ்சு போன்றது. இலையின் உயிரணுக்களில் நிறைந்திருப்பது நீர். கடுங்குளிரில் அந்நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது மெல்லிய அணுச் சவ்வுகள் கிழிபடுகின்றன. மறுநாள் வெயில் ஏறியதும் இலை வெந்த கீரையைப்போலத் துவண்டு கறுத்துவிடும். உறைபனி வரையில் செல்லவும் வேண்டா. வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே வாழையின் வளர்ச்சி நின்றுவிடும். குளிர்நாட்டு மரங்களில் பலவோ இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுவதும் உறங்கக் கற்றவை. நம் செடிகளுக்கு அவ்வுறக்கம் தெரியாது. ஆகவே அவற்றைக் குளிர்நாட்டில் காப்பாற்ற விரும்பியவர்கள் செடியின் இயல்பை மாற்ற முயன்று பயனில்லை என்பதை விரைவிலேயே அறிந்தனர். செடி பிறந்த ஊரின் வெப்பத்தையும் ஒளியையும் ஈரத்தையும் ஓர் அறைக்குள் உண்டாக்குவதே வழி என்று கண்டனர்.

அம்முயற்சியில் முதலிடம் பெற்றது ஆரஞ்சு என இன்று நாம் வழங்கும் கிச்சிலி மரம். அது ஆசியாவிலிருந்து அராபியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. ஆரஞ்சு என்னும் அச்சொல்லே நாரங்கம் என்னும் வடசொல்லின் வழி வந்தது என்றும், அவ்வடசொல்லின் வேர் நாரத்தையைக் குறிக்கும் திராவிடச் சொல்லில் உள்ளது என்றும் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். செல்வர்கள் கிச்சிலி மரங்களைப் பெரிய மரத்தொட்டிகளில் நட்டனர். கோடையில் அவை தோட்டத்தில் நிற்கும். குளிர்காலம் நெருங்கியதும் தொட்டியோடு கட்டடத்துக்குள் கொண்டுபோகப்படும். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி வெர்சேல்ஸ் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை இதற்கெனவே ஒரு பெரிய மாளிகையைக் கட்டுவித்தார். தடித்த சுவர், தெற்கு நோக்கிய உயர்ந்த சாளரங்கள் என்னும் இரண்டுமே அதன் காவல்.

இலண்டனில் மருந்து செய்வோர் சங்கத்தார் 1673-இல் செல்சி என்னுமிடத்தில் ஒரு மூலிகைத் தோட்டம் அமைத்தனர். 1685-இல் அதனைப் பார்வையிட்ட ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர், செடிகள் இருந்த அறையின் தரைக்கடியில் அடுப்பு அமைத்து வெப்பம் ஊட்டிய திறத்தைத் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதினார். அறைக்குள்ளேயே அடுப்பை மூட்டினால் புகையும் வறட்சியும் செடியைக் கெடுத்துவிடும். அடுப்பைத் தரைக்கடியில் வைத்ததால் வெப்பம் மட்டுமே மேலே வந்தது.

ஆனால் நாற்று வளர்ப்போருக்கு அறையின் வெப்பத்தினும் வேரின் வெப்பமே முதன்மையானது. மேலே காற்று இதமாக இருந்தாலும் கீழே மண் குளிர்ந்திருந்தால் விதை முளைக்காது. முளைத்த கன்றின் வேரும் நீரை உறிஞ்சாது அழுகிவிடும். இதற்குத் தோட்டக்காரர்கள் கண்ட தீர்வு எளியது. குதிரைச் சாணமும் வைக்கோலும் கலந்து குவித்தால் அது மட்கும்போது சூடு பிறக்கும். அக்குவியலின்மேல் மண் பரப்பி விதைத்தனர். ஆயினும் சாணத்தின் சூடு முதலில் மிகக் கடுமையாக எழுந்து, சில வாரங்களில் தணிந்துவிடும். நீண்ட நாள் நிலைக்கும் சூடு வேண்டுமே! அதனைத் தோல் பதனிடுவோர் கழித்துப்போட்ட மரப்பட்டை தந்தது. நம் நாட்டில் ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிடும் வழக்கத்தை நாம் அறிவோம். அங்கே ஓக் மரப்பட்டை அதற்குப் பயன்பட்டது. பயன்படுத்திக் கழித்த ஈரப்பட்டையைக் குழியில் நிரப்பினால் அது மெல்ல மெல்லப் புளித்து, பல மாதங்கள் ஒரே அளவான இளஞ்சூட்டைத் தரும். அதற்குள் தொட்டியை விளிம்புவரை புதைத்து வைத்தனர்.

இவ்வாறு வளர்ந்த செடிகளில் புகழ்பெற்றது அன்னாசி. 1687-இல் ஆலந்து நாட்டில் ஆக்னெஸ் பிளாக் என்னும் பெண்மணி தம் தோட்டத்தில் அன்னாசியைக் கனியச் செய்தார். செல்சித் தோட்டத்தின் பொறுப்பை 1722-இல் ஏற்ற பிலிப் மில்லர், 1731-இல் வெளியிட்ட தோட்டக்கலை அகராதியில் இம்முறைகளை விளக்கினார். ஆயினும் இவை செல்வர்களின் விளையாட்டாகவே இருந்தன. ஒரு பழத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆட்களின் உழைப்பும் பெரும்பொருட் செலவும் வேண்டியிருந்தன.

வெப்பத்துக்கு அடுத்த தேவை ஒளி. இலண்டனில் திசம்பர் மாதத்துப் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணி நேரமே. அவ்வெளிச்சமும் மங்கலானது. சுவரும் சாளரமும் உள்ள அறை போதாது. கூரையே கண்ணாடியாதல் வேண்டும். கண்ணாடி கதிரவன் ஒளியை உள்ளே விடும். உள்ளே சூடேறிய காற்றை வெளியே கலக்க விடாது. ஆனால் இங்கிலாந்தில் கண்ணாடிக்கு வரி இருந்தமையால் அதன் விலை மிகுதியாக இருந்தது. 1845-இல் அவ்வரி நீக்கப்பட்ட பின்னர்க் கண்ணாடி வீடுகள் பெருகின. அதற்கு முன்பே சாட்ஸ்வொர்த் என்னும் பிரபு மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் 1836 முதல் 1840 வரை மிகப் பெரிய கண்ணாடி மனை ஒன்றை எழுப்பியிருந்தார். நிலவறையில் நிலக்கரி எரித்து, கொதிகலன்களில் காய்ச்சிய நீரைக் குழாய்களில் ஓடவிட்டு அதனைச் சூடாக்கினர். 1835-இல் ஜான் கிப்சன் என்னும் இளந்தோட்டக்காரர் அம்மாளிகைக்காகச் செடி திரட்டக் கல்கத்தாவுக்கே அனுப்பப்பட்டார். கியூ தாவரவியல் தோட்டத்தின் பனைமனை 1848-இல் முடிவுற்றது. 1851-இல் இலண்டன் கண்காட்சிக்கெனப் பாக்ஸ்டன் வகுத்த பளிங்கு மாளிகையும் செடி வீட்டின் அமைப்பிலிருந்தே பிறந்தது.

மூன்றாவது தேவை ஈரக் காற்று. இதன் கதை வியப்புக்குரியது. கப்பலில் கொண்டுவரும் கன்றுகளில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன. உப்புக் காற்று இலையைக் கருக்கியது. நன்னீரோ மாலுமிகளுக்கே பற்றாது. நத்தானியேல் வார்டு என்பவர் இலண்டனில் மருத்துவத் தொழில் செய்துவந்தார். 1829-இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் வைத்து, கண்ணாடிப் புட்டியில் அடைத்து மூடினார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். மண்ணிலிருந்து முளைத்ததோ ஒரு சிறு பெரணியும் ஒரு புல்லும்! பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணிலேயே வழிந்தது. நீர் ஊற்றாமலே செடி வாழ்ந்தது. உடனே அவர் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்வித்தார். 1833-இல் இரண்டு பெட்டிகள் செடிகளுடன் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குச் சென்றன; செடிகள் உயிரோடு சேர்ந்தன. ‘வார்டின் பெட்டி’ என்று பெயர்பெற்ற அந்தச் சிறு கண்ணாடி வீடு, கப்பலேறி உலகைச் சுற்றத் தொடங்கியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். குளிர்காய்ச்சல் என்னும் மலேரியா அந்நாளில் இந்தியாவைப் பெரிதும் வாட்டிய நோய். காடும் ஆறும் சேர்ந்த ஒகேனக்கல் போன்ற இடங்களில் பாறைக் குழிகளில் தேங்கும் நீர் கொசுவுக்குத் தொட்டிலாகும். இந்நோய்க்கு மருந்தாகிய கொயினாவைத் தருவது சிங்கோனா மரத்தின் பட்டை. அம்மரம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவில் மட்டுமே வளர்ந்தது. 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்த பின் தேவை பன்மடங்காகப் பெருகியது.

1859-இல் இந்திய அரசாங்கத்தின் பொருட்டுச் சிங்கோனாவைத் திரட்டும் பொறுப்பு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெரு நாட்டிலிருந்து 1860-இல் கொண்டுவந்த கன்றுகள் நீண்ட பயணத்திலும் செங்கடலின் வெப்பத்திலும் நலிந்து, உதகமண்டலம் சேர்ந்தபின் மடிந்தன. அதே காலத்தில் ஈக்வடார் நாட்டில் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்னும் தாவரவியலார் நோயோடு போராடிக்கொண்டே செம்பட்டைச் சிங்கோனாவின் விதைகளை நூறாயிரம் அளவில் திரட்டினார். ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரர் கன்றுகளை வார்டின் பெட்டிகளில் ஏற்றிக் கொணர்ந்தார். 1861-இல் அவை உயிரோடு உதகையை அடைந்தன. கியூவில் முளைத்த நாற்றுகளும் வந்து சேர்ந்தன.

உதகை 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்நுனியில் உறைபனி படியும். சிங்கோனா மலைக்குளிரைத் தாங்குமாயினும் உறைபனியைத் தாங்காது. இங்கேதான் குளிர்நாட்டுத் தோட்டக்காரரின் கலை கைகொடுத்தது. 1848 முதல் உதகைத் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கிவந்த வில்லியம் கிரகாம் மெக்கைவர், கியூவில் பயின்றவர். அவர் அருமையாக வந்து சேர்ந்த கன்றுகளைக் கண்ணாடிக் கூரையின்கீழ் வைத்துப் பேணினார். விதையை மட்டும் நம்பாது, தண்டுத் துண்டுகளாலும் பதியன்களாலும் அவற்றைப் பெருக்கினார். செம்பட்டை வகைக்கு உதகையினும் தாழ்ந்த நடுவட்டமும், வேறொரு வகைக்கு உயர்ந்த தொட்டபெட்டாவும் ஏற்றவை என்று கண்டறிந்து நட்டனர்.

இவ்வெற்றியை முழுவதும் புகழ்ந்துவிட்டு நகர்தல் வரலாற்று மாணவருக்கு அழகன்று. பட்டையின் பயனை அறிந்திருந்த ஆண்டீஸ் மலைவாழ் மக்களுக்கு இச்செல்வத்தில் பங்கு கிடைக்கவில்லை. நடுவட்டத் தோட்டங்களில் கைதிகளின் உழைப்பும் கலந்திருக்கிறது. எனினும் பயன் மறுக்க இயலாதது. 1892-இல் வங்காளத்தில் அஞ்சல் நிலையங்களிலேயே ஒரு பைசாவுக்குக் கொயினாப் பொட்டலம் விற்கும் முறை தொடங்கிற்று. பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது. அன்னாசிப் பழத்துக்காகப் பிரபுக்கள் பயின்ற கலை, காய்ச்சலில் கிடக்கும் ஏழையின் மருந்தாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செயற்கை மருந்துகள் பெருகிய பிறகே சிங்கோனாவின் தேவை குறைந்தது.

கண்ணாடி வீட்டின் நற்பிள்ளை சிங்கோனா என்றால், அதன் அடங்காப் பிள்ளை உண்ணிச் செடி எனலாம்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே அது ஐரோப்பாவை அடைந்தது. கண்ணாடி வீடுகளில் பல இனங்களைக் கலந்து கலந்து, வெண்மை, மஞ்சள், செம்மை, ஊதா எனப் பல நிறங்களில் புது வகைகளை உண்டாக்கினர். அங்கே அதனால் யாருக்கும் தீங்கில்லை. கண்ணாடி வீட்டை விட்டு வெளியேறினால் முதல் உறைபனியே அதனைக் கருக்கிவிடும். ஆண்டுதோறும் தவறாது வரும் குளிர்காலமே அச்செடிக்கு இடப்பட்ட வேலி.

இந்தியாவுக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1792-இல் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தபின், தாமஸ் மன்றோ 1799 வரை தருமபுரிப் பகுதியில் வருவாய் அலுவலராக இருந்தார். அவர் தருமபுரியில் தாமே ஒரு தோட்டம் அமைத்து, அதனைப் பிரியும் காலத்தில் பெரிதும் வருந்தியவர். அம்மனிதர் இவ்வட்டாரத்தில் குதிரையேறிச் சென்ற நாள்களில் இந்த உண்ணிச் செடி அவர் கண்ணில் பட்டிராது. இன்று அது இல்லாத காட்டுப்பாதையைக் காண்பது அரிது.

காரணம் வெளிப்படை. இங்கே உறைபனி என்னும் வேலி இல்லை. கறுத்த கனிகளைப் பறவைகள் உண்டு, விதைகளைத் தொலைவில் எச்சமிடுகின்றன. வெட்டினால் அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடுகள் அதனைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை; தின்றால் நோயுறும். அதன் நிழலில் புல் குறைகிறது; மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை; கோடையில் காய்ந்த புதர் காட்டுத்தீக்கு விறகாகிறது. காவிரிக்கு அப்பால் மாதேசுவரன் மலையில் சோளகர் இனமக்கள் இதன் தண்டைக்கொண்டு நாற்காலியும் கூடையும் முடையக் கற்றுள்ளனர். அது போற்றத்தக்க முயற்சி. ஆயினும் கையால் முடைந்து தீருமளவோ இச்செடி!

குளிர்நாட்டில் வெப்பநாட்டுச் செடி வளர்க்கும் கலை பழங்கதையாகிவிடவில்லை. அது அரண்மனையை விட்டு இல்லங்களுக்கு வந்திருக்கிறது. இலண்டனிலும் கனடாவின் டொராண்டோ நகரிலும் வாழும் நம் தமிழர் இல்லங்களில் தெற்குச் சாளரத்தருகே தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்பதைக் காணலாம். தாளிக்கும் மணத்துக்காக மட்டும் வளர்க்கும் செடியன்று அது. பிறந்த மண்ணின் நினைவும் அதில் தளிர்க்கிறது. அதனை வளர்ப்போர் மில்லரும் வார்டும் கண்ட விதிகளையே பின்பற்றுகின்றனர். கறிவேப்பிலை விதை விரைவில் முளைப்புத் திறனை இழப்பது. ஆதலால் பழம் பறித்த சூட்டோடு விதைக்கின்றனர். குதிரைச் சாணம் தந்த அடிச்சூட்டை இன்று மின்விரிப்புத் தருகிறது. குறைந்த பகலொளியை மின்விளக்கு ஈடுசெய்கிறது. முதல் உறைபனிக்கு முன்பே தொட்டியை உள்ளே எடுக்கின்றனர். குளிர்காலத்தில் வளர்ச்சி குன்றுவதால் நீரையும் குறைக்கின்றனர். இரக்கப்பட்டு மிகுதியாக நீரூற்றி வேரை அழுகவிடுவதே புதியவர் செய்யும் பிழை. இளவேனிலில் செடியை ஒரேநாளில் வெயிலில் நிறுத்தாமல், முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பழக்கி வெளியே விடுகின்றனர்.

ஆனால் வார்டு காலத்தில் இல்லாத ஒரு பாடத்தை நாம் இன்று அறிந்திருக்கிறோம். செடியை நாடு கடத்துவோர் அது பிழைக்குமா என்று மட்டுமே அந்நாளில் கேட்டனர். பிழைத்தபின் என்ன செய்யும் என்று கேட்டிலர். இந்தியாவில் 1914-இல் அழிவு செய்யும் பூச்சிகள், பீடைகள் சட்டம் பிறந்தது. 2003-இல் விரிவான தாவரத் தொற்றுத்தடை ஆணை வந்தது. வெளிநாட்டிலிருந்து விதையும் கன்றும் கொண்டுவருவோர் அனுமதியும் சோதனையும் பெறவேண்டும். ஏனைய நாடுகளிலும் இத்தகைய விதிகள் உண்டு. பெட்டியின் மூலையில் ஒளித்துக் கொண்டுசெல்லும் ஒரு பிடி விதையால் என்ன நேரும் என்று கேட்பவருக்கு, ஒகேனக்கல் சாலையின் இருபுறமும் விடை கூறி நிற்கிறது.

வெளியிலிருந்து வந்தவை யாவும் பகை என்று இதனால் கொள்ளுதல் தவறு. அச்சாலையின் தொடக்கத்தில் நிற்கும் புளிய மரத்தின் பூர்விகமும் ஆப்பிரிக்கா என்றே தாவர நூலார் கூறுவர். எத்தனையோ நூற்றாண்டுகளாக நம்மோடு வாழ்ந்து, அது நம் குழம்பிலும் பழமொழியிலும் கலந்துவிட்டது. சிங்கோனா உயிர் காத்தது. உண்ணிச் செடி காட்டை மூடியது. மூன்றும் அயல்நாட்டுச் செடிகளே. வந்த இடத்தில் எது அவற்றுக்கு வேலியாக நின்றது என்பதில்தான் வேறுபாடு. இயற்கை வேலியிடாத இடத்தில் மனிதன் தன் அறிவால் வேலியிட வேண்டும்.

அடுத்த முறை பென்னாகரத்திலிருந்து ஆற்றை நோக்கிச் செல்லும்போது பேருந்தின் சாளரத்தருகே அமருங்கள். முதலில் புளிய மரத்தைப் பாருங்கள். பிறகு உண்ணிச் செடியின் பூவைப் பாருங்கள். பூவின் அழகில் குற்றமில்லை. அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள், அந்தக் கதவுக்கு அப்பால் குளிர்காலமே இல்லை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.